சுடுகாட்டுக்குப் போகிற ‘வளி’

உங்கள் கேள்வியைப் புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர் நூலகத்தில் ஒரு கூட்டம். காலனியிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர், தங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போக வழி இல்லை, மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது என்று பேச ஆரம்பித்தார். வழியை ‘வளி’ என்று சொன்னார். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற பெரியவர் கையை உயர்த்தி, “வளி என்றால் காற்று தம்பி. முதலில் வழி என்று சொல்லிப் பழகு, அப்புறம் பேசு” என்றார். சிலர் சிரித்தார்கள். இளைஞர் உட்கார்ந்துவிட்டார். ‘தப்பைத் தப்பென்று சொல்வது மொழிமேல் உள்ள அக்கறைதானே, இதில் சாதியும் வர்க்கமும் எங்கே வந்தன?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 26 வருடமாகப் புரூஃப் பார்க்கிறவன். திருத்துவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே திருத்தவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் நடந்ததைத் திருத்தம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

என் மேசையிலிருந்தே தொடங்குகிறேன். பேராசிரியர்கள், அதிகாரிகள், பேர்போன எழுத்தாளர்கள், மேடையில் தமிழுக்காக முழங்குகிறவர்கள் என்று எல்லாருடைய கையெழுத்துப் பிரதியும் இந்த மேசைக்கு வந்திருக்கிறது. ஒற்றுப்பிழை இல்லாத பிரதி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாது, மிகக் கூடாத இடத்தில் மிகுந்து நிற்கும். ‘சுவரில்’ என்று வர வேண்டியது ‘சுவற்றில்’ என்று வரும். ‘முயன்றார்’ என்பது ‘முயற்சித்தார்’ ஆகியிருக்கும். பக்கத்தில் என்ற பொருளில் ‘அருகாமையில்’ என்று எழுதாதவர் குறைவு. ஒரு ஃபாரத்துக்கு, அதாவது 16 பக்கத்துக்கு, பேனாவே தீர்ந்துவிடுமோ என்று தோன்றிய நாள்கள் உண்டு. எல்லாவற்றையும் திருத்தி அனுப்புவேன். புத்தகம் சுத்தமாக வெளிவரும். அவர் தமிழைப் பாராட்டி நாலு பேர் எழுதுவார்கள். எந்தப் பிரதியில் என்ன இருந்தது என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். எங்கள் தொழிலில் அது எழுதியவருக்குத் தரும் மரியாதை.

ஆக, பிழை எல்லாரிடமும் இருக்கிறது. சிலருடைய பிழையை வெளியே தெரியாமல் துடைத்துவிட ஆள் இருக்கிறது. மற்றவர்கள் பிழையோடு அப்படியே நாலு பேர் முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. உங்கள் கூட்டத்தில் நின்ற இளைஞருக்குப் புரூஃப் பார்க்க யாரும் இல்லை.

சில வருடங்களுக்கு முன், பட்டா பெயர் மாற்றத்துக்காக ஒரு தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, விதவை உதவித்தொகைக்கு மனு கொண்டுவந்திருந்தார். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். பள்ளிக்கூடம் போகிற பேத்தி எழுதிக்கொடுத்ததாம். ‘என் கணவர் இரந்து விட்டார்’ என்று இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, “இரந்துட்டாரா? உன் புருஷன் பிச்சை எடுத்தாரா?” என்று கேட்டார். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. தானும் லேசாகச் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

சின்ன ர போட்டால் இரத்தல், பிச்சை கேட்பது. பெரிய ற போட்டால் இறத்தல், சாவது. உண்மைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாசித்த அந்த மனிதரின் வாயிலும் இரண்டும் ஒரே ஒலிதான். இன்றைய பேச்சில் இந்த வேறுபாடு பெரும்பாலான தமிழர்களிடம் இல்லை, கன்னியாகுமரிப் பக்கம் போனால் இன்னும் காதில் விழும். அதனால்தான் ‘பிச்சை எடுத்தாரா’ என்று அவரே விளக்க வேண்டியிருந்தது. விளக்காவிட்டால் வரிசையில் ஒருவருக்கும் சிரிப்பு வந்திருக்காது. அவருக்குத் தெரிந்தது கண்ணால் மட்டுமே தெரிகிற ஒரு வேறுபாடு. பத்துப் பன்னிரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவருக்கு மட்டும் கிடைப்பது அது. அந்த அம்மா பேத்தியின் வயதில் எந்தப் பெஞ்சிலும் உட்காரவில்லை. நான் தாளை வாங்கி, ர-வை அடித்து மேலே ற என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு விநாடி வேலை. அதை அந்த அலுவலரும் செய்திருக்கலாம். பேனா அவர் கையிலேயே இருந்தது.

சரி, ழகரத்துக்கு வருவோம். நானே ‘பளம்’ சொல்லி வளர்ந்தவன். மதுரையிலும் அதற்குத் தெற்கேயும் ழ பெரும்பாலும் ள ஆகிவிடும். வாளப்பளம், மள, கெளவி. சென்னைப் பேச்சில் அது ய ஆகும், வாயப்பயம். ஆனால் எல்லார் வாயிலும் ஒரே மாதிரி மாறவில்லை. 1960களில் வில்லியம் பிரைட், ஏ. கே. ராமானுஜன் போன்ற மொழியியலாளர்கள் சாதிவாரியாகத் தமிழ்ப் பேச்சை ஒப்பிட்டபோது, ழகரம் பிராமணர் பேச்சில் தங்கியிருப்பதையும் மற்றவர் பேச்சில் அது வேறு ஒலியாக மாறியிருப்பதையும் குறித்தார்கள். அதே பிராமணர் பேச்சில் ‘அவா வந்திண்டிருக்கா’ என்று வருவதும் எழுத்துத் தமிழிலிருந்து வெகுதூரம் விலகியதுதான். விலகாத பேச்சு என்று தமிழில் எதுவும் கிடையாது. எந்த விலகலைக் ‘கொச்சை’ என்று கூப்பிடுவது, எதை ‘அவங்க வீட்டுப் பேச்சு’ என்று விட்டுவிடுவது என்பதில்தான் சாதி வருகிறது.

வெளிமாநிலத்திலிருந்து வந்த நடிகை பேட்டியில் ‘தமில்’ என்று சொன்னால் பத்திரிகையில் ‘கொஞ்சும் தமிழில் பேசினார்’ என்று போடுவார்கள். அந்தச் சொல்லை நானே எத்தனையோ முறை புரூஃபில் கடந்திருக்கிறேன். மீன் விற்கும் அம்மா ‘தமிளு’ என்றால் அது கொஞ்சுவதில்லை, கொலை செய்வது. இரண்டு பேருக்கும் நழுவியது அதே ஒரு எழுத்து.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. 1962இல் வில்லியம் லபாவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கில் மூன்று கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர்கள் போகிற கடை, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவுக் கடை. நாலாவது மாடியில் இருக்கிற ஒரு பொருளைக் கேட்டு, விற்பனையாளர்களை ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று சொல்ல வைத்தார். 264 பேர். கடை உயர உயர, ‘ர்’ தெளிவாகக் கேட்டது. நியூயார்க்கில் ‘ர்’ சொன்னால் மேல்தட்டு. கடல் தாண்டி லண்டனுக்குப் போனால் தலைகீழ், அங்கே மேல்தட்டு ஆங்கிலத்தில் அந்த ‘ர்’ ஒலிக்கவே ஒலிக்காது. ஒலிக்கு என்று தனியாக ஒரு தகுதி இருந்திருந்தால் இப்படி ஊருக்கு ஊர் மாறுமா?

‘இலக்கணம் என்று ஒன்று இருக்கிறதே, அதை மீறலாமா’ என்று அந்தப் பெரியவர் கேட்பார். இலக்கணத்தையே எடுத்துக்கொள்வோம். தசை என்பதைச் சதை என்று மாற்றிச் சொன்னால் அதற்கு இலக்கணப்போலி என்று பெயர், பள்ளிப் பாடத்திலேயே எடுத்துக்காட்டாக வரும். எழுத்து இடம் மாறியிருக்கிறது, ஆனாலும் இலக்கணம் உடையதுபோல ஏற்றுக்கொள்கிறோம். எங்கள் பக்கம் மதுரையை ‘மருதை’ என்பார்கள், குதிரையைக் ‘குருதை’ என்பார்கள். அதே இடமாற்றம்தான். இதற்கு மட்டும் ‘பட்டிக்காட்டுப் பேச்சு’ என்று பெயர். தஞ்சாவூரைத் தஞ்சை என்று வெட்டினால் மரூஉ. கூலிக்காரர் ஒரு சொல்லை வெட்டினால் சோம்பேறித்தனம். ‘ஐந்து’ என்று சொல்லாமல் ‘அஞ்சு’ என்றதற்கு என் வகுப்பில் அடி விழுந்திருக்கிறது. திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுக்க ‘அஞ்செழுத்துமே’ என்று பாடியிருக்கிறார் என்று அப்புறம் எத்தனையோ வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே’ என்று எழுதியது நன்னூலார். அவரைவிடக் கெடுபிடியாக இருக்க நமக்கு என்ன அதிகாரம்?

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நம் இலக்கணத்துக்குள்ளேயே இந்த மேல்-கீழ் இருக்கிறது. ‘வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே’ என்கிறது தொல்காப்பிய மரபியல். எது வழக்கு என்றால், உயர்ந்தோர் பேசுவது வழக்கு. அறிவால் உயர்ந்தோர் என்று பொருள் சொல்லிச் சமாதானம் செய்துகொள்ளலாம். அந்த அறிவுக்குப் போகிற கதவு எத்தனை நூற்றாண்டு யார் யாருக்கு அடைத்துக் கிடந்தது என்று யோசித்தால் அந்தச் சமாதானம் நிற்காது. உரைகாரர்கள் செந்தமிழ் நிலத்துக்கு எல்லையே குறித்தார்கள்: வையைக்கு வடக்கு, மருத யாற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு. வெளியே இருந்தவர்கள் பேசியது கொடுந்தமிழ். அதே தொல்காப்பியம் பன்னிரு நிலத்துத் திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய சொல்லாக ஏற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெருந்தன்மை நம் வகுப்பறைகளுக்கு வந்து சேரவில்லை. சந்தையிலும் தெருவிலும் மக்கள் பேசிய அந்தக் கொடுந்தமிழுக்கு இலக்கணம் எழுதி 1738இல் தரங்கம்பாடியில் அச்சில் வரச் செய்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். அதையும் அவர் லத்தீனில் எழுதினார், வெளியிலிருந்து வரும் பாதிரிமார் மக்களோடு பேசக் கற்பதற்காக.

சென்னைத் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அது தமிழே இல்லை’ என்று எளிதாகச் சொல்கிறோம். ‘குந்து’ நல்ல தமிழ்ச் சொல். ‘என்னாண்ட’ என்பதில் இருப்பது அண்டை. ‘கினு’ என்பது கொண்டு. ‘பேஜார்’ பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது. நாம் கெட்ட வார்த்தை என்று காதைப் பொத்திக்கொள்கிற ‘கஸ்மாலம்’, கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனிடம் சொல்கிற ‘கச்மலம்’தான். ஏட்டில் இருந்தபோது சுலோகம், ரிக்‌ஷாக்காரர் வாய்க்கு வந்ததும் வசை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. யாரும் திருத்தாத வழுவைப் பற்றிச் சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன். செய்தியில், லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட அதிகாரி ‘கைது செய்யப்பட்டார்’ என்று வரும். தேங்காய் திருடிய கூலித்தொழிலாளி ‘கைது செய்யப்பட்டான்’ என்று வரும். ஒரே பக்கத்தில், சில நாள் அடுத்தடுத்த பத்தியில். நான் ‘ஆன்’ விகுதியை அடித்து ‘ஆர்’ போட்டேன். ஆசிரியர் குழுவில் ஒருவர் அதைத் திரும்ப ‘ஆன்’ ஆக்கி, “இலக்கணப்படி இரண்டும் சரிதானப்பா” என்றார். இலக்கணப்படி சரிதான். திணை வழு, பால் வழு, இட வழு, கால வழு என்று எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கும் நம் இலக்கணத்தில், ஏழைக்கு ஒரு விகுதி பணக்காரனுக்கு ஒரு விகுதி போடுவதற்கு ஒரு வழுப் பெயர் கிடையாது. எனக்கு அன்று பேச வாய் வரவில்லை. இன்றைக்கு என்றால் விட்டிருக்க மாட்டேன்.

எழுத்தில் இது கொஞ்சம் உடைந்திருக்கிறது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதியே கொண்டுவந்தார். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ தலித் மக்களின் வீட்டுப் பேச்சிலேயே வந்தது, அப்போது அதன் மொழியைக் குறை சொன்னவர்கள் இருந்தார்கள். இன்று அந்த மாதிரி எழுத்து பாடத்தில் இருக்கிறது. ஆனால் பாடத்தில் ‘கருக்கு’ நடத்துகிற வகுப்பிலேயே ஒரு மாணவி அப்படிப் பேசினால் திருத்தத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பில் தமிழ் ஐயா என்னை எழுப்பி ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்’ என்று சொல்லச் சொன்னார். என் ளகரத்தில் கிழவன் விழவே முடியவில்லை. வகுப்பே சிரித்தது. ஒரு வருடம் கம்மாய்க் கரையில் தனியாக உட்கார்ந்து நாக்கை மடித்து மடித்துப் பழகினேன். வந்துவிட்டது. அதனால்தான் இந்த வேலை கிடைத்தது என்றும் சொல்லலாம், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் வீட்டில் வேறொன்று நடந்தது. எனக்கு வேலை கிடைத்த பிறகு அச்சகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா தட்டில் பழம் வைத்துக் கொண்டுவந்தாள். யார் வந்தாலும் வாசலிலிருந்தே சத்தம்போட்டு வரவேற்கிறவள், அன்று தட்டை வைத்துவிட்டு, கையால் மட்டும் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர்கள் போன பிறகு, “ஏம்மா ஒண்ணும் பேசல?” என்றேன். “பளம் சாப்பிடுங்கன்னு வாயில வந்துரும்டா. ஒனக்குத்தான அசிங்கம்” என்றாள். நான் அவளைத் திருத்தியதே இல்லை. என்னைத் திருத்தியது அவளையும் போய்ச் சேர்ந்திருந்தது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது. திருத்தலாம். எழுதியவர் கேட்டால் திருத்துங்கள். பிழை அவருக்கே நஷ்டம் தரும் என்றால், கேட்காவிட்டாலும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பத்திரத்தில், ரேஷன் கார்டில், ஆதாரில் ஒரு எழுத்து மாறினால் எத்தனை நாள் அலைய வேண்டும் என்று அலைந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழைப் பிழையில்லாமல் சொல்லிக்கொடுங்கள், அது அவர்களுக்குச் சேர வேண்டிய சொத்து. ‘அவங்க பேச்சு அவங்களுக்கு’ என்று சொல்லிவிட்டு அதைக் கற்றுத்தராமல் இருப்பதும் ஒரு வஞ்சகம்தான். ஆனால் வீட்டுப் பேச்சு ஒன்று, எழுத்து வேறொன்று, இரண்டும் தேவை என்று சொல்லிக்கொடுங்கள். ‘உன் அம்மா பேசுவது தப்பு’ என்று பிள்ளை புரிந்துகொள்ளும்படி சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது மட்டும் குறுக்கே போகாதீர்கள். அவர் சொன்னது உங்களுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் ‘வழி’ என்று திருத்தவே முடிந்தது. அந்தப் பெரியவர் அந்தச் சொல்லைக் கேட்டார், அது எந்தச் சொல் என்று அடையாளம் கண்டார், அதன் பொருளும் அவருக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு, பொருளை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டார். ‘வளி’ சொல்கிற ஒரு பண்ணையார் அங்கே எழுந்து தன் தோட்டத்துக்குப் பாதை கேட்டிருந்தால் அவர் கையை உயர்த்தியிருப்பாரா? எங்கள் பக்கம் பண்ணையார்களும் ளகரம்தான். நான் இத்தனை வருடத்தில் அப்படி ஒருவர் திருத்தப்பட்டுப் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்வியை மூன்று முறை வாசித்தேன். பெரியவர் சொன்னது இருக்கிறது, சிரித்தவர்கள் இருக்கிறார்கள், ழ-வும் ள-வும் இருக்கின்றன. சுடுகாட்டுப் பாதை என்ன ஆனது என்று இல்லை. நானும் இவ்வளவு நேரம் எழுத்தைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தத் தம்பியைப் பார்த்தால் கிராமத்தின் பெயர், சர்வே எண், தெருவிலிருந்து சுடுகாடு எவ்வளவு தூரம், நடுவில் யார் யார் வயல் இருக்கிறது, இதற்கு முன் மனு கொடுத்திருந்தால் எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சங்கடப்பட்டால் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பட்டும், அவர் பேசுகிற தமிழிலேயே. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனுநாள். அதற்குள் நான் எழுதி, புரூஃபும் பார்த்து அனுப்பிவிடுகிறேன்.